‘பிறகு’ என்ற பொத்தான்

ஓர் அலுவலகத்தில் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் எழுதப்படும் நிரல்களை அன்றாடம் சர்வரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, லேப்டாப்புக்குள் குடியிருந்த சிங்க் மென்பொருளின் வேலை.

“அண்ணே, எனக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கு. அப்டேட் பண்ணிடலாமா?” என்று அது கேட்கும்.

“நல்லா ஓடிக்கிட்டிருக்கு, எதுக்குடா கைவைக்கணும்? ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?” என்று பதறி, லேப்டாப் ‘பிறகு’ பொத்தானை அழுத்திவிடும்.

ஒரு நாள் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

“டேய், நம்ம நிரலெல்லாம் சர்வர்கிட்ட பத்திரமா இருக்குல்ல?”

“மூணு வாரமா அவர் என்னை உள்ளே விடலைண்ணே. பழைய பதிப்புக்கு இடமில்லையாம்.”

“பாவி, அதை ஏன்டா சொல்லலை?”

“தினமும் சொல்லத்தான் வந்தேன். நான் வாயைத் திறந்ததுமே ‘பிறகு’ன்னு அமுக்கிடுறீங்களே!”

கடகடச் சத்தம் சட்டென்று நின்றது; திரையும் இருண்டுபோனது.