ஏழு கோளாறு

வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

அதுதான் இப்போது பிரச்சினை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு நீல டப்பா. அவள் கையில் போன். போனில் பச்சை எழுத்து: கோளாறுகள், பூஜ்யம்.

மறுபடி தேடச் சொன்னாள்.

மறுபடியும் பூஜ்யம்.

இந்த டப்பாவுக்காக மூன்று நாள் போனுக்குள் அலைந்திருந்தாள். மெக்கானிக் கடை ஸ்கேனர் விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். கம்பியில்லாமல் போனோடு சேர்கிற மலிவு டப்பாக்களோ நூறு தினுசு. ஒருவர் 'அருமை' என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் 'பார்சல் வரவே இல்லை' என்று எழுதி ஐந்து கொடுத்திருந்தார். இருப்பதிலேயே மலிவானதை வாங்கினாள். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கியிருந்தார்கள்.

இன்று காலை வந்தது. மாட்டிய பத்தாவது நிமிடம் நோயைச் சொல்லிவிட்டது.

பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடவில்லை.

மூடினாள். டக்.

என்ஜினையே இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்ன வண்டி. ஒரு மாதமாக எரிந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கைப் போனிலேயே அழித்தாள். அணைந்தது. திரும்ப வரவில்லை.

மெக்கானிக் சொன்னதைக் கேட்டுத்தான் கணவர் வண்டியை விற்க வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு என்றால் அவருக்கு வாக்கு. போனில் கொடுத்திருந்தாலும்.

"இனி வாங்கறவரா வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் உண்டு, பூங்கொடி" என்றிருந்தார்.

நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி. யாரையும் கேட்காமல் அவள் முதன்முதலாக ஓர் இடத்துக்குப் போனது இதில்தான். சூலூர் வரை. ஒரு காரணமும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதை இப்போது தன் கையாலேயே விற்கத் தோதாக ஆக்கி வைத்திருக்கிறாள்.

வாசலில் ஹாரன். கணவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார்.

வாங்க வந்த தங்கமுத்து இறங்கினார். அவர் மனைவி இறங்கவில்லை. சிங்காநல்லூர் வெயில். என்ஜினை அணைக்காமல், ஏசியில், காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

நீல டப்பாவைக் கண்டதும் தங்கமுத்துவின் முகம் மலர்ந்தது.

"அட! நானும் இதையேதானுங்க வெச்சிருக்கேன். கழட்டறதே இல்ல, எப்பவும் என் வண்டியிலயே மாட்டியிருக்கும். போன்ல ஆப்பும் இருக்குது. தள்ளுங்க அம்மணி, நானே பாக்கறேன்."

சாவியைப் பாதி மட்டும் திருப்பி வைத்துவிட்டு அவள் இறங்கினாள். என்ஜின் ஓடவில்லை. அவர் ஏறி உட்கார்ந்தார். போனை நீட்டிப் பிடித்தார், தீபாராதனை மாதிரி.

போன் சிணுங்கியது.

இன்னொரு முறை சிணுங்கியது.

"ஏழு" என்றார்.

பூஜ்யம் எப்படி ஏழாகும்?

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். பெரிய டாக்டர்கள் இப்படித்தான், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வாசிப்பார்கள்.

"ரெண்டாவது சிலிண்டர் அடிக்கறதே இல்ல. ஆக்சிஜன் சென்சார் போச்சு. சூடு வேற தாறுமாறா ஏறுது. ஓட்டத் தெரியாத கைங்க இது. கோவிச்சுக்காதீங்க அம்மணி, பொம்பளைங்க ஓட்டுன வண்டின்னாலே இப்படித்தான்."

கோபிக்கத்தான் குனிந்தாள்.

ஏழு கோளாறுகளுக்கும் மேலே, போனில் சின்னதாக இன்னொரு எண் இருந்தது.

என்ஜின் வேகம்: 850.

அவள் வண்டியின் என்ஜின் ஓடவே இல்லை.

850, 930 ஆனது. பதினைந்து அடி தள்ளி, அவர் மனைவி இருந்த கார் அதே நொடியில் கொஞ்சம் உறுமியது. ஏசியைக் கூட்டியிருப்பார்.

பழகிய போன். பழகிய டப்பா. இங்கே ஒரு டப்பா மூக்குக்குக் கீழேயே இருந்தும், போன் அவர் காரில் இருக்கும் டப்பாவோடு போய்த்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாயைத் திறந்தாள்.

யோசித்துப் பார்த்தால், வாக்குக் கொடுத்தது கணவர். அவள் யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை.

மூடினாள். இந்த முறை சத்தம் வரவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "உங்க வண்டியவும் ஒருக்கா பாத்துக்கிட்டா நல்லதுங்ணா."

"என் வண்டியா?" அவர் சிரித்தார். "அது ராஜாவாட்டம் ஓடுதுங்க!"

அவள் கடமை முடிந்தது.

கணவர் தங்கமுத்துவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். போனைப் பார்த்தார். பாதி திரும்பிய சாவியைப் பார்த்தார். வெளியே ஓடிக்கொண்டிருந்த காரைப் பார்த்தார். கடைசியாக அவளைப் பார்த்தார்.

அவள் மாமரத்தைப் பார்த்தாள். காய்ப்பு இந்த வருடம் பரவாயில்லை.

"தப்பா நெனைக்காதீங்க" என்று தங்கமுத்து இறங்கினார். "எனக்கு வேண்டாமுங்க."

 

"நீங்களே சொன்னதுக்கப்புறம் நான் என்னங்க பண்ண முடியும்" என்றார் கணவர். குரலில் அவ்வளவு துக்கம். மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ராஜா கிளம்பியது. தெருமுனையில் ஒரு முறை இருமியது. குலுங்கியது. திரும்பி மறைந்தது.

அவள் ஏறி உட்கார்ந்து சாவியை முழுதாகத் திருப்பினாள்.

கணவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இடது பக்கக் கதவைத் திறந்தார். இத்தனை நாளில் அவள் ஓட்டும்போது அவர் ஏறியதே இல்லை.

உட்கார்ந்தார். சீட் பெல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

அவள் சொல்லவில்லை.