வாழைக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு

“ஏரோபிளேன்ல பறந்து எங்க வாழையப் படம் புடிச்சீகளாக்கும்? வேலையத்தவக!” என்று காறித் துப்பினார் மார்க்கையன்கோட்டை சுருளிவேல்.

சாதியா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். “கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தையும் இந்தக் கேமரா காட்டும்ங்கய்யா. தோட்டம் பூரா பச்சை. நடுவுல மட்டும் பத்தடி அகலத்துக்கு மஞ்சக் கோடு. அங்கன மண்ணுல சத்து இல்லையோ என்னவோ.”

“சத்து இல்லையா?” சுருளிவேல் வரப்பில் நின்ற கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தார். “படிச்ச முட்டாளுக! ஏத்தா, எம் மண்ணு எனக்குத் தெரியாதா? அது கரட்டுச் செம்மண்ணு. நாலு வருசத்துக்கு முன்னால நாந்தான் எம்பது டிராக்டர் அடிச்சுக் கொட்டுனேன்.”

“அம்புட்டுப் பள்ளமாவா இருந்துச்சு?”

“ஆளு முங்குற ஆழம்ல! இது தெரிஞ்சுச்சா ஒன் கேமராவுக்கு?”

“தெரியலங்கய்யா. இங்கன ஓடுன வாய்க்காலக் காணோம்னு கடைமடைக்காரவுக நாலு வருசமா மனுக் குடுக்குறாக. யாரு மூடுனதுன்னு ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல” என்றாள், ஆக்கிரமிப்பை விசாரிக்க வந்திருந்த பொறியாளர் சாதியா. “நீங்கதான் சொன்னீக.”

வரப்பில் கூட்டாளிகள் யாரும் இல்லை.