நெல்லுக்கு வாங்கிய தார்ப்பாய்

ஆவணி வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தார்ச்சாலையில், காய்ந்த நெல்லைக் குவித்தபடியே அரங்கநாதன் கைப்பேசியில் வானிலைச் செய்தியைச் சத்தமாக வைக்கிறார். வருகிற ஏழு நாளும் சாயங்காலத்தில் இடியோடு மழை இருக்கும் என்கிறது ஒரு பெண்குரல். மேற்கே வானம் ஏற்கெனவே கறுத்துக் கிடக்கிறது. “தனிசு, உன் குவியல மூடுபா.” பக்கத்துக் குவியலுக்குச் சொந்தக்காரரான தனிஸ்லாஸ், தன்னிடமிருக்கும் ஒரே தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் நடக்கிறார். மகள் கிறிஸ்டினாவைப் புதைத்து ஒன்பது நாள் ஆகிறது. மண்மேடு இன்னும் பொலபொலவென்று இருக்கிறது. சாமந்தி மாலை கருகிவிட்டது, மரச்சிலுவையில் பெயின்ட் வாசம் மட்டும் போகவில்லை. மேட்டின்மேல் அவர் பாயை விரிக்கிறார், காற்று பிடுங்குகிறது. பின்னாலேயே ஓடிவந்த மரிய சுகந்தி மூச்சு வாங்கப் புருஷனைப் பார்க்கிறாள். “நாலு மழ பேஞ்சு மண்ணு எறங்குனாத்தான் மேல சிமென்ட்டு போட முடியும்னு கொத்தனாரு சொன்னாரில்ல? நனையட்டும், வுடுங்க. அங்க நெல்லு தொறந்து கெடக்குது.” கிடைத்த ஒரு செங்கல்லைத் தலைமாட்டு முனையில் வைத்து அழுத்துகிறார் அவர். “எறங்கட்டும். இந்த வாரம் வோணாம்.” இடி உருள்கிறது. சாலையில் நெல்லின்மேல் முதல் துளிகள் விழும் சத்தம் கேட்கிறது. சுகந்தி ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு, கனம் வைக்க வேறு கல் இல்லாததால், படபடக்கும் கால்மாட்டு முனையின்மேல் தானே உட்கார்ந்துகொள்கிறாள்.