உள்ளங்கை அளவு துணி

சட்டையில் உள்ளங்கை அளவு துணியைக் காணவில்லை. கிழிசல் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

கைக்குழந்தைக்கான மஞ்சள் சட்டை. பெட்டியின் அடியில், கம்பளிகளுக்குக் கீழே அவள் ஒளித்து வைத்திருந்தது.

"யாரு வெட்டினது?"

"நான்தாம்மா," என்றாள் சிறுமி. "குட்டிப் பாப்பாவா இருந்தப்ப போட்ட துணிய லைப்ரரி ஆன்ட்டி எல்லாரையும் கொண்டுவரச் சொன்னாங்க. துண்டு துண்டா சேத்து ஒரு பெரிய போர்வை தைக்கிறாங்க."

"கேக்காம எடுப்பியா?"

"கேட்டா நீ குடுக்க மாட்ட." சிறுமி தரையைப் பார்த்தாள். "எல்லாரோடதையும் தச்சாச்சு. என்னோடத மட்டும் தனியா எடுத்து வச்சுக்கிட்டாங்க."

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "வேற என்ன கேட்டாங்க?"

"வீடு எங்கன்னு. வழி வரைஞ்சு குடுத்தேன்."

அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். தெருவில் யாரும் இல்லை. அதுவே சரியாகப் படவில்லை.

"உன் துணிமணியெல்லாம் பையில எடுத்து வை."

"மறுபடியும் ஊர் மாறணுமா?"

"வாயாடாம எடுத்து வை."

கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். அந்தத் துண்டை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.

நூலகத்தில் ஆளில்லை. நூலகர் மட்டும் இருந்தார். போர்வை தைப்பவரைக் கேட்டதும் பின்னறையைக் கை காட்டினார்.

"உள்ளதான் இருக்காங்க. சம்பளம் வாங்காம உழைக்கிறாங்க. புத்தகம் அடுக்கணும், பசங்களுக்குக் கதை சொல்லணும், நடுவுல தையல் வேற. எனக்கு ஒரு வேலைக்கே மூச்சு முட்டுது. எப்படிம்மா லைப்ரரி வேலை, தையல் ரெண்டையும் சமாளிக்கிறீங்கன்னு கேட்டா, ரெண்டும் ஒரே வேலைதான் சார்ங்கிறாங்க. போற ஊர்லயெல்லாம் இப்படித்தானாம்."

பின்னறை மேசை முழுக்கப் போர்வை கிடந்தது. கோடு, பூ, கட்டம் என்று எத்தனையோ குழந்தைகளின் துணி. தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கிட்டத்தட்ட அவள் வயதுதான்.

"என் பொண்ணோட துணி உங்ககிட்ட இருக்கு. குடுத்துடுங்க."

"உக்காருங்க."

"உக்கார வரல. சின்னப் பசங்ககிட்ட போட்ட துணிய வாங்குறது, வீடு எங்கன்னு துருவுறது. பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க," என்றாள் அந்தப் பெண். எழுந்து கதவைச் சாத்தினாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.

அவள் சுவரோரம் நகர்ந்தாள்.

அந்தப் பெண் போர்வையின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்தாள். "நல்ல தையல். எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. பிரசவத்துக்கு முன்னாடி நானே தச்சது."

"மஞ்சள் சட்டைக்கு எதுக்குப் பச்சை நூல்?"

அவள் துண்டைப் பார்த்தாள். ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைத் தையல். இத்தனை வருடத்தில் அவள் அதைக் கவனித்ததில்லை.

"அழகா இருக்கட்டும்னுதான்."

"மஞ்ச நூல் தீந்துபோச்சு," என்றாள் அந்தப் பெண். "வலி வந்துடுச்சு. கடைக்குப் போக நேரமில்ல. கையில கெடச்சத வச்சு முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்."



"அவ என் பொண்ணு." அவள் துண்டுக்காகக் கை நீட்டினாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்கிட்டதான் ஓடி வருவா."

"வருவா," என்றாள் அந்தப் பெண். "நான் வச்ச பேரு அவளுக்குத் தெரியாது."