இருநூற்று முப்பது டிகிரி

“இருநூத்தி முப்பது!” என்றாள் லவோன்.

கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் நூற்றெண்பதுக்கும் கீழே சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

அவள் கணவர் டெல்பெர்ட் உடனே வேகத்தைக் குறைத்தார். சாலை சற்று அகன்ற இடத்தில் கேரவனை ஓரங்கட்டினார். கியரை நியூட்ரலில் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். இன்ஜினை அணைக்கவில்லை.

கியரை ‘பார்க்’ நிலையில் போட்டால் இந்தப் பழைய கியர்பெட்டியில் எண்ணெய் சுற்றாது. நியூட்ரலில் ஓடினால்தான் முன்னாலிருக்கும் கூலருக்குப் போய் ஆறித் திரும்பும். இருநூறு டிகிரி பாரன்ஹீட் வரை பயமில்லை. அதற்குமேல் போகப் போக எண்ணெய் கருகும். எண்ணெய் கருகினால் கியர்பெட்டி போச்சு.

மீட்டரை லவோன் பக்கம் பொருத்தியவர் அவர்தான். ஓட்டும்போது போடும் கண்ணாடியில் கிட்டத்தில் இருப்பது தெரியாது.

“ரோட்டை நான் பாத்துக்கறேன், சூட்டை நீ பாத்துக்க.”

அப்படித்தான் இருபது வருடமாக மலைகளெல்லாம் ஏறியிருக்கிறார்கள். இந்தக் கோடையில்தான் லவோன் பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. ஓட்டலாம், ஆனால் மலை ஏறும்போது அடிக்கடி நிறுத்தி, இறங்கி உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

“நெவாடா முழுக்க லாரி ஓட்டினவன் நான். மூச்சு வாங்கறதுக்கு நிறுத்தணுமாம்!” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சிரித்தார் டெல்பெர்ட்.

தனக்காக அவர் நிறுத்த மாட்டார். வண்டிக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் துடித்துப்போவார்.

பொய்யிலும் ஒரு சங்கடம் இருந்தது. அவள் சூடு என்று சொன்ன உடனே அவர் ஹீட்டரைப் போட்டுவிடுவார். இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டால் வண்டிக்கு நல்லதாம். வெளியே ஆகஸ்ட் மாதத்துப் பாலைவனம். உள்ளே ஹீட்டர். சொன்ன பொய்க்குக் கூலியாக லவோன் வெந்துகொண்டிருந்தாள்.

இறங்கும்போது தன் தொப்பியை மீட்டரின் மேல் மாட்டிவிட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தாள். மடக்கு நாற்காலியை நிழலில் விரித்தாள். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. நல்லவேளை, நிறுத்தினோம்.

அங்கே ஏற்கெனவே ஒரு புத்தம் புதிய கேரவன் நின்றிருந்தது. அதிலிருந்து பெரிய பெல்ட் கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

“ராய்ஸ், டெக்சஸ்!” என்று கை நீட்டினார். “என்ன சார், கொதிக்குதா?”

“கியர் ஆயில். இருநூத்தி முப்பது” என்றார் டெல்பெர்ட்.

“அம்மாடி, முட்டை பொரிக்கலாமே! ஆனா பழைய வண்டியில மீட்டர் சொல்றதை நம்பக் கூடாது சார். இருங்க, எங்கிட்ட ஒண்ணு இருக்கு.”

அவர் கொண்டுவந்தது, நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி போன்ற கருவி. இரும்புக்கும் எண்ணெய்க்கும் பார்க்கிற ரகம்.

லவோன் அவசரமாக லெமனேட் புட்டியைத் திறந்தாள்.

மலையுச்சிக்கு இன்னும் பன்னிரண்டு மைல். உண்மை தெரிந்தால் டெல்பெர்ட் எங்கேயும் நிற்க மாட்டார். அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் இனி நம்பவும் மாட்டார்.

“எங்க மீட்டர் சரியாத்தான் இருக்கு. லெமனேட் சாப்பிடறீங்களா?” என்றாள்.

“பாத்துட்டுச் சாப்பிடறேன் மேடம். பாத்தா என்ன குறைஞ்சிடும்?”

“குடுங்க, என் வண்டியை நான் பாக்கறேன்” என்று டெல்பெர்ட் கருவியை வாங்கிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக் குனிந்து, கியர்பெட்டியின் அடித்தட்டுக்கு நேரே நீட்டி அழுத்தினார். விழுந்துவிடாமல் பிடிக்க லவோன் பின்னாலேயே நின்றாள்.

எண்கள் பெரிதாக, சிவப்பாக வந்தன.

174.

ராய்ஸும் எட்டிப் பார்த்தார். “அட, நூத்தி...”

“இருநூத்தி முப்பத்திரெண்டு!” என்று உரக்கச் சொன்னார் டெல்பெர்ட். திரும்பாமலே, “லவோன், உன் மீட்டர் ரெண்டு டிகிரி கம்மியாக் காட்டுது.”

ராய்ஸ் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கருவியை வாங்கி மெதுவாகப் பெல்ட்டில் செருகிக்கொண்டார்.

“ஆமாமா, நல்ல சூடுதான்” என்றார். லெமனேடை மறந்துவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

டெல்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு இன்னொருமுறை.

லவோன் லெமனேடை நீட்டினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நீட்டியதில் கொஞ்சம் முழங்காலில் சிந்தியது.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. வளைந்து வளைந்து மேலே போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்தாப்பல ஒதுங்க இடம் எங்க வருது?”

“மூணு மைல்ல.”

“அதுக்குள்ள மறுபடி சூடாயிடும், இல்ல?”

“ஆயிடும் டெல்” என்றாள் லவோன். “கட்டாயம் ஆயிடும்.”