சொன்னதைச் சொன்னபடி

“என்னடா சொன்னான்? சொல்லித் தொலை!”

ஹெட்மாஸ்டர் மேஜையைத் தட்டினார். கீப்பர் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஸ்கூல் கால்பந்து டீமுக்கு அவன்தான் கோல்கீப்பர். பந்தைத் தவிர வேறெதையும் குத்தாதவன், இன்றைக்கு இன்டர்வெல்லில் செயலாளர் மகனின் மூக்கில் குத்திவிட்டான். செயலாளர் என்றால் பெற்றோர் சங்கச் செயலாளர். அவரும் அங்கேதான் குதித்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க சார், சட்டையெல்லாம் ரத்தம்! ரவுடிப் பசங்களை வெச்சுக்கிட்டு ஸ்கூல் நடத்துறீங்க!”

மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. கழிவறை கழுவிக்கொண்டிருந்த ஆயா, வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, கையை அலம்பிக்கொண்டு, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“குனிஞ்சுக்கோ ராசா. அண்ணாந்தா தொண்டைக்குள்ள இறங்கிடும்.”

நான் அங்கே சாட்சி.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. போன வாரம்தான் புது விதி போட்டார். பிறப்பு, நிறம், உடம்பு, செய்கிற வேலை, எதை வைத்து யாரை மட்டமாகப் பேசினாலும் பேசியவன் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் புகார் சொல்பவன், கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குப் பொய்ப் புகாரோடு வந்து நிற்போமாம்.

“கேவலமா பேசினான் சார். அதான் அடிச்சேன்” என்றான் கீப்பர்.

“கேவலமான்னா? வார்த்தையைச் சொல்லு.”

“உங்ககிட்ட தனியா சொல்றேன் சார்.”

செயலாளர் விடுவாரா?

“அதென்ன ரகசியம்? தனியா போய்க் கதை கட்டவா? எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். என் பிள்ளை அப்படிப் பேசுற ஜென்மமே இல்லை!”

அந்த ஜென்மம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவர் கேட்கிறது நியாயம்தானே?” என்றார் ஹெட்மாஸ்டர். “சொன்னா அவன் வெளியே. சொல்லலைன்னா நீ வெளியே. பரீட்சை வருதேன்னெல்லாம் பார்க்க மாட்டேன். டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்துடுவேன்.”

கீப்பர் சுவரைப் பார்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைத் துப்பினால் வேலை முடிந்தது. இவன் வாயில் என்ன பூட்டா போட்டிருக்கிறது? அடிக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாதா? முழங்கையால் இடித்தேன்.

“சொல்லுடா, லூசு.”

என் காலை மிதித்தான். சும்மா இல்லை, நசுக்கினான்.

ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். “நீ பக்கத்துலதானே இருந்தே? காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு சார்.”

“அப்ப நீ சொல்லு. நீ சொன்னாலும் போதும், இவனை விட்டுடறேன்.”

எனக்கு வேண்டியதும் அதுதான். எதையும் மென்று முழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தொண்டையைச் செருமினேன். கீப்பர் என்னைப் பார்த்தான். கும்பிடாத குறை.

அதற்குள் ஆயா, துணியைச் செயலாளர் மகன் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“சொல்லிடு தம்பி. இல்லைன்னா அந்தப் பிள்ளை படிப்பு பாழாப் போயிடும். எப்பேர்ப்பட்ட வார்த்தையா இருந்தா என்ன? யாரோ யாரையோ சொன்னது. நம்ம மேல ஒட்டிக்கவா போகுது?”

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

“ம்… சொல்லு” என்றார் ஹெட்மாஸ்டர்.

“உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் சாமி. நீயாவது சொல்லேன்” என்றார் ஆயா.

செயலாளர் மகன் சொன்னது இந்த ஆயாவைத்தான். இந்தக் கையைப் பற்றித்தான்.

நான் சொல்லவில்லை.