ஆறு செகண்ட்

என் செயற்கை இதயத்தின் கன்ட்ரோலர், டெக்னீஷியன் நப்பின்னையின் லேப்டாப்போடு பேச மறுத்தது. நண்பகலுக்குள் இரண்டும் பேசாவிட்டால் இதயம் நின்றுவிடும்.

அவள் கேபிளை ஆயிரம் முறை மாற்றிப் பார்த்துவிட்டாள்.

"வேகத்தைக் குறைம்மா. என்னை மாதிரியே கிழடு அது, 9600ங்கிற பழைய வேகத்துல பேசினாத்தான் காது கேக்கும்" என்றேன். நாற்பது வருஷம் மில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன் நான்.

குறைத்ததும் பதில் வந்தது. அவள் முகம் வெளுத்தது.

"ஐயா, செட்டிங் ஏறணும்னா இதயத்தையே ஆறு செகண்ட் ஆஃப் பண்ணிப் போடணும்."

மில்லில் எல்லோருக்கும் நான் சொன்ன அதே வைத்தியம்!

என் மனைவி மரகதவல்லி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் எண்ணுறேன். ஆஃப் பண்ணும்மா."

நான் கண் விழித்தபோது அவள் பதினொன்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

இப்போது மிக்ஸி மக்கர் செய்தாலும் அணைத்துப் போட விடமாட்டாள்.